ஒருத்தன் தூக்கேலாத குண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை, நான் கொக்குவில். பிரித்தானியாவின்ர 1860கள் காலத்து 9 அங்குலப் பீரங்கி, வாய்ப் பக்கத்தால வெடிமருந்து அடைக்கிறது, அதை 32இல ஒரு பங்கு அளவில (1/32 ஸ்கேல்) சின்ன மாதிரியாச் செய்து முடிச்சிட்டன். குண்டை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிக்கிற ஆள் பொம்மை ஒண்டையும் பக்கத்தில வைச்சன், ஆனா விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு. குண்டு செய்யவும் இஞ்ச சாமான் எடுக்கேலாமல் இருக்கு. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அந்தக் குண்டு 250 இறாத்தலுக்கு மேல, கிட்டத்தட்ட 115 கிலோ, ரெண்டு சீமெந்து பாக்கை விடக் கூட, அதை ஒருத்தன் அணைச்சுக்கொண்டு நிக்கேலுமே? கப்பி போட்டுக் கயிறால இழுத்து வாய்க்கு நேர உயத்தித்தான் ஏத்துவினம். கயிறு இழுக்கிற ஆக்களைச் செய்ய முதல் ஒருக்கா கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய் நிண்டு பாருங்கோ, குதிக்கால் மண்ணுக்குள்ள புதைஞ்சு, இடுப்பு பின்னுக்குச் சாய்ஞ்சு, கை மடங்காம நேர நிக்கும், பாரம் எண்டா உடம்பு அப்பிடித்தான் காட்டும். நானும் முதல் செய்த நாலு பேரையும் நிமித்தி வைச்சிட்டு, பிறகு இடுப்பில வெட்டித் திருப்பி ஒட்டினனான்.

உங்கட ஆளை எறியாதேங்கோ. கையில இருக்கிற குண்டை வெட்டிப்போட்டு மருந்துப் பொதியைக் குடுங்கோ, அது 50 இறாத்தல் தான், ஒருத்தன் அணைச்சுத் தூக்குவான். ரிசுப் பேப்பரை உருட்டி நூலால கட்டினாலே பொதி வந்திடும்.

குண்டு பந்து மாதிரி இல்லை, நீட்டு, அதுக்கு உருண்டைப் பென்சில் காணும். 9 அங்குலம் 1/32 இல 7 மில்லிமீற்றர், பென்சிலும் அவ்வளவு தான். சாப்பனர் போட்டா நுனி நேர் கூம்பா வரும், அது பிழை, அரத்தாள் பிடிச்சுப் பக்கத்தை வளைச்சு எடுங்கோ. நீளம் விட்டத்தைப் போல ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட. பீரங்கிக் குழாய்க்குள்ள 6 தவாளிப்பு இருக்கிறபடியா, அதுக்குள்ள பொருந்தக் குண்டைச் சுத்தி 6 குமிழ், ரெண்டு வரிசை, மொத்தம் 12, ஊசி நுனியால பசை தொட்டு வைச்சுக் காய விடுங்கோ. உடம்புக்குக் கறுப்பு, குமிழுக்கு மட்டும் பித்தளை நிறம். அந்தப் 12 புள்ளியும் வரிசையா விழுந்திட்டா, தம்பி, பென்சில் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

உடுப்பு கடும் நீலம், காற்சட்டையில சிவப்புக் கோடு. தண்ணி வாளி ஒண்டும் கட்டாயம் வையுங்கோ, சுட்ட பிறகு உள்ளுக்கு நெருப்புப் பொறி கிடக்கும், ஈரத் துடைப்பம் போடாம அடுத்த மருந்தை ஏத்தமாட்டினம்.