இரவில் மங்கும் கேமரா: புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டுப் பாதுகாப்புக் கேமரா பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் மங்குவதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே குறையைச் சொல்வது போலத் தோன்றினாலும் காரணம் வீட்டுக்கு வீடு வேறு. பலருக்குச் செலவே இல்லாமல் சரியாகிவிடும்.

கேள்வி: வாசல் சன்ஷேடுக்கு அடியில் டோம் கேமரா (அரைக்கோள மூடிக்குள் இருப்பது) மாட்டியிருக்கிறோம். பகலில் பளிச்சென்று தெரிகிறது. இருட்டியதும் படம் முழுக்க வெள்ளைப் புகை போல ஆகிவிடுகிறது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கேமரா போய்விட்டதா?

பதில்: போயிருக்க வாய்ப்பு குறைவு. இருட்டியதும் கேமரா தன்னிடமுள்ள ஐஆர் விளக்குகளைப் போட்டுக்கொள்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அது 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு லேசான சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும், அவ்வளவுதான். கேமராவுக்கோ அது பெரிய வெளிச்சம். அந்த வெளிச்சம் வாசலைத் தொடுவதற்கு முன்பே பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றில் பட்டு லென்ஸுக்குள் திரும்பினால், நீங்கள் சொல்லும் வெள்ளைப் புகை வரும். பனிமூட்டத்தில் வண்டியின் ஹை பீமைப் போட்டால் எதிரே எல்லாம் வெளுத்துவிடுமே, அதே கதைதான்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கேமராவின் செட்டிங்கில் ஐஆர் விளக்கை மட்டும் அணைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதை அணைத்துவிட்டு வாசல் விளக்கைப் போடுங்கள். படம் தெளிந்துவிட்டால் லென்ஸும், ஒளியைப் படமாக்கும் சென்சாரும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அர்த்தம். இனி, ஒளியைத் திருப்பி அனுப்புவது எது என்று தேட வேண்டியதுதான்.

டோம் மூடியில் படிந்த தூசியும் கைரேகையும்தான் முதல் சந்தேகம். பகல் வெளிச்சத்தில் இவை தெரியவே தெரியாது. ஐஆர் ஒளியோ மூடியை ஒட்டியே புறப்படுவதால் ஒவ்வொரு தூசியும் மின்னும். மாட்டும்போது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பேப்பரை உரிக்காமலே விட்ட வீடுகளும் உண்டு, அதையும் பாருங்கள். மென்மையான மைக்ரோஃபைபர் துணியில் தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்பும் போதும். தின்னர், ஆசிட்டோன் பக்கம் போகாதீர்கள், பிளாஸ்டிக் மூடி நிரந்தரமாக மங்கிவிடும். வெயிலில் மஞ்சளித்த மூடியையும் கீறல் விழுந்த மூடியையும் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அடுத்தது சன்ஷேடு. படத்தின் மேல் ஓரத்தில் அதன் விளிம்போ பக்கச் சுவரோ துளி தெரிந்தாலும், இரவில் அதுதான் படத்திலேயே அதிக வெளிச்சமான பொருள். கேமரா அதற்கேற்ப மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தோ முன்னால் நகர்த்தியோ அந்த விளிம்பு படத்தில் வராமல் செய்யுங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால், டோமுக்குள் லென்ஸைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் இருக்கும், அது மூடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கோணத்தைத் திருப்பும்போது அது விலகிவிட்டால் ஐஆர் ஒளி மூடியின் உட்பக்கத்தில் பட்டு நேராக லென்ஸுக்குள் கசியும். டோம் கேமராக்களில் அடிக்கடி வரும் குறை இது. பலர் இதைக் கவனிக்காமலே கேமராவை மாற்றிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது. இரண்டு நாளில் மறுபடி சிலந்தி வலை. என்ன செய்வது?

பதில்: விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஒரே ஒரு நூல் ஆடினாலும் படத்தில் தடிமனான வெள்ளைக் கயிறாகத் தெரியும். அசைவு எச்சரிக்கையும் இரவெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கேமராவின் ஐஆர் விளக்கை அணைத்துவிட்டு, தனி ஐஆர் விளக்கு ஒன்றை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். வலை அங்கே கட்டினாலும் படம் கெடாது. பூச்சி மருந்தைச் சுற்றுச் சுவரில் அடிக்கலாம், லென்ஸ் மீதோ மூடி மீதோ படக் கூடாது.

கேள்வி: ஜன்னலுக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்கலாமா? இரவில் கேமராவின் பிம்பம்தான் தெரிகிறது.

பதில்: கண்ணாடி ஐஆர் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஐஆரை அணையுங்கள், அறை விளக்கையும் அணையுங்கள், வெளியே ஒரு விளக்கு எரியட்டும். வெளியே விளக்குக்கு வழியில்லை என்றால் கேமராவை வெளியே மாட்டுவதுதான் ஒரே வழி.

கேள்வி: எங்கள் கேமராவில் சுவர், கேட், பூந்தொட்டி எல்லாம் தெளிவு. ஆள் நடந்து வந்தால் மட்டும் முகம் இழுபட்டுப் போகிறது. நின்றால் தெரிகிறது. திருடன் நின்று முகம் காட்டுவானா?

பதில்: காட்ட மாட்டான். உங்கள் கவலை நியாயமானது. வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து ஒளியைச் சேர்க்கிறது. ஷட்டர் 1/25 நொடி திறந்திருந்தால், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். கண்ணும் மூக்கும் கலந்துபோக அது போதும். இதையே 1/100 ஆக மாற்றினால் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு.

செட்டிங்கில் எக்ஸ்போஷர் பகுதிக்குப் போய் ‘ஸ்லோ ஷட்டர்’ என்று இருந்தால் முதலில் அதை அணையுங்கள். அப்புறம் ஷட்டரை 1/50, 1/100 என்று படிப்படியாகக் குறைத்து, வீட்டில் ஒருவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். ‘3டி நாய்ஸ் ரிடக்‌ஷன்’ உச்சத்தில் இருந்தால் பாதியாகக் குறையுங்கள். அது முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்துப் படத்தை வழவழப்பாக்குவதால் நடப்பவருக்குப் பின்னால் நிழல் வால் போலத் தொடரும். ஷட்டர் நேரம் குறையக் குறையப் படம் இருட்டாகும், புள்ளிகள் கூடும். அதனால் எந்த செட்டிங்கையும்விட வாசலில் ஒரு எல்இடி விளக்கு அதிக வேலை செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, நீங்கள் பார்ப்பது எந்தப் படம்? போன் ஆப் பெரும்பாலும் டேட்டாவை மிச்சப்படுத்தச் சப் ஸ்ட்ரீமைத்தான், அதாவது தரம் குறைத்த படத்தைத்தான் காட்டும். ஆப்பில் ‘எச்டி’யை அழுத்திப் பார்த்துவிட்டு, பதிவான காட்சியையும் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

கேள்வி: புகை இல்லை, இழுபடவும் இல்லை. ஆனாலும் இரவில் எல்லாமே கொஞ்சம் கூர்மை குறைந்து தெரிகிறது. ஜூம் மாற்றக்கூடிய புல்லட் (குழாய் வடிவ) கேமரா.

பதில்: ஃபோகஸ்தான். அகச்சிவப்பு ஒளி லென்ஸுக்குள் வளைவது குறைவு. அதனால் பகல் ஒளி குவியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் போய்க் குவியும். மாட்டுபவர் பகலில் ஃபோகஸ் வைத்துவிட்டுப் போனால் இரவில் இப்படித்தான் ஆகும். இருட்டிய பிறகு, ஐஆர் எரியும்போது, முகம் தெரிய வேண்டிய இடத்தில் ஒருவரை நிற்க வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். மறுநாள் பகலிலும் ஒரு முறை சரிபாருங்கள். ஜூம் மாற்ற முடியாத கேமராவில் லென்ஸைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதைத் திருகப் பார்க்காமல் வாரண்டியில் கேளுங்கள். திறந்துவிட்டால் தண்ணீர் புகாமல் காக்கும் சீலும் போகும், வாரண்டியும் போகலாம்.

கேள்வி: 2 மெகாபிக்சல் கேமராவுக்குப் பதில் 8 மெகாபிக்சல் போட்டால் இரவில் தெளிவாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மெகாபிக்சலை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதே அளவு சென்சாரில் நான்கு மடங்கு பிக்சலை அடைத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கால் பங்கு ஒளிதான் கிடைக்கும். இரவில் அது புள்ளி புள்ளியாகவே வரும். பெட்டியில் சென்சார் அளவைத் தேடுங்கள். 1/2.8 அங்குலத்தைவிட 1/1.8 அங்குலம் பெரியது. லென்ஸில் எஃப் எண், அதாவது எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதற்கான எண், குறையக் குறைய நல்லது. எஃப்1.0 லென்ஸ் எஃப்2.0-வைப் போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். 8 மெகாபிக்சல்தான் வேண்டுமென்றால் பெரிய சென்சாரோடு வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டு வாசலுக்குப் பெரிய சென்சாருள்ள 4 மெகாபிக்சலே என் தேர்வு.

லென்ஸ் எவ்வளவு அகலமான இடத்தைக் காட்டும் என்பதையும் யோசியுங்கள். மில்லிமீட்டர் எண் கூடக் கூட அந்த இடம் குறுகும், முகம் பெரிதாகும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் தெருவையே காட்டும், ஆனால் முகம் சிறுத்துவிடும். அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண, படத்தில் தெரியும் இடத்தின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராக்களுக்கான 2014-ஆம் ஆண்டு சர்வதேசத் தரத்தின் கணக்கு. 1920 பிக்சல் அகலமுள்ள 2 மெகாபிக்சல் படத்தில் அப்படியென்றால் சுமார் 7.7 மீட்டர் அகலம் மட்டுமே அடங்கலாம். எனவே கேட்டுக்கு மட்டும் 4 அல்லது 6 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு கேமரா, மொத்த இடத்துக்கு வேறொன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது.

‘ஐஆர் 30 மீட்டர்’ என்றால் அந்தத் தூரத்தில் ஏதோ அசைகிறது என்று தெரியலாம், முகம் தெரியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தூரம் இரட்டித்தால் விழும் ஒளி கால் பங்காகிவிடும். பணம் கொடுக்கும் முன் அதே மாடலில் இரவில் ஆள் நடக்கும் பதிவு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், நிறுத்தி வைத்த படம் வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாட்டிய முதல் இரவே சோதித்து, பகல் பதிவையும் இரவுப் பதிவையும் ஒரே கோணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறை என்று கடைக்குப் போகும்போது அந்த இரண்டு பதிவுகளையும் பில்லோடு கொண்டு போங்கள்.