கிரிப்டோ வாலட்டின் (பிட்காயின் போன்ற மின்பணத்துக்கான பணப்பையின்) மீட்புச் சொற்றொடரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் போதாதா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சொற்றொடரின் 12 அல்லது 24 சொற்களைப் பார்த்த எவரும், உங்கள் கைப்பேசியோ கடவுச்சொல்லோ இல்லாமலேயே வேறொரு கருவியில் வாலட்டைத் திறந்து முழுத் தொகையையும் மாற்றிக்கொள்ள முடியும். நீங்கள் எடுத்த படமோ, உங்களுக்குத் தெரியாமலேயே கூகுள் போட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ போய்ச் சேர்ந்திருக்கலாம்.

தாளில் வரிசை எண்ணிட்டுத் தெளிவாக எழுதுங்கள். தாள் நனையும், எரியும் என்பதால், பெரிய தொகை வைத்திருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறித்துக்கொள்வதே நல்லது என்பேன். பெரும்பாலான வாலட்டுகள் பின்பற்றும் பிஐபி-39 என்ற பொதுத் தரத்தின் சொற்பட்டியலிலுள்ள 2048 ஆங்கிலச் சொற்களும் முதல் நான்கு எழுத்துகளிலேயே வேறுபட்டுவிடுவதால், சொல்லுக்கு நான்கு எழுத்து பொறித்தாலே போதும். பிரதி ஒன்றை வேறொரு இடத்தில் பூட்டி வையுங்கள். பெருந்தொகையைப் போடுவதற்கு முன், எழுதியதை வைத்து வாலட்டை ஒருமுறை மீட்டுப் பார்த்துவிடுங்கள்.