தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் வேலை ஏன் மேலும் தாமதமாகிறது?

பினாங்கின் பாயான் லெப்பாசில் ஆறு பேர் செய்துவரும் மென்பொருள் பணி இரண்டு மாதம் பின்தங்கிவிட்டது. இன்னும் நால்வரை எடுத்தால் ஈடுகட்டலாமே என்பது கேள்வி. பெரும்பாலும் முடியாது. பின்தங்கிய மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்ப்பது அதை மேலும் பின்தள்ளும் என்பதைப் புரூக்ஸ் விதி என்பார்கள். கணினி நிறுவனமான ஐபிஎம்மில் ஓஎஸ்/360 இயங்குதள உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், அந்த அனுபவத்திலிருந்து 1975-இல் இதை எழுதினார்.

புதியவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியவர், வேலையை நன்கு அறிந்தவர், அதாவது ஏற்கெனவே நேரமில்லாமல் தவிப்பவர். அத்துடன், ஆறு பேர் இருவர் இருவராகக் கலந்துபேச 15 இணைகள்; பத்துப் பேரானால் 45. ஆள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பேச்சோ மூன்று மடங்கு.

தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலை நினைத்துப் பாருங்கள். சாம்பார் அண்டாவைக் கிண்டும் அக்காவுக்குத்தான் உப்புப் போட்டாயிற்றா, அடுத்த பருப்பு மூட்டை எங்கே என்பதெல்லாம் தெரியும். திடீரெனப் பத்துப் பேர் உதவ வந்தால், அவர் கரண்டியை வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல நேரும். அதற்குள் சாம்பார் அடிபிடித்துவிடும். தட்டு எடுத்துக் கொடுக்கவோ விளக்கம் தேவையில்லை. அங்கே ஆள் கூடக்கூட வரிசை விரைந்து நகரும். மென்பொருளில் தட்டு எடுத்துக் கொடுக்கும் வகை வேலை குறைவு என்பதைத்தான் மேலாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இவ்விதியை ‘ஆளே எடுக்காதே’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். தொடக்கத்திலேயே சேர்ந்தவர்களையோ, தனியே பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலையையோ இது குறிக்கவில்லை.