வாகன கேள்வி-பதில்: வாட்டர் பம்ப் ஏன் கெடுகிறது?

கேள்வி: கார் நின்ற இடத்தில் பச்சைச் சொட்டுகள் தெரிகின்றன. வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறிய துளையிலிருந்துதான் வருகிறது. துளையைப் பசை வைத்து அடைத்துவிடலாமா?

அடைக்கவே கூடாது. அது பம்ப்பைச் செய்தவர்களே விட்டுவைத்த துளை. பம்ப்பில் ஒரே தண்டின் ஒரு முனையில் பெல்ட் சுழற்றும் புல்லி, மறுமுனையில் கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தைத் தள்ளும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம். தண்டைத் தாங்குவது பேரிங். பேரிங் பக்கம் கூலன்ட் போகாமல் தடுப்பது சீல். சீல் தேய்ந்து கூலன்ட் கசிந்தால், அது பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். அப்படி ஆகாமல் வெளியே வடியத்தான் இரண்டுக்கும் நடுவே இந்தத் துளை. அடைத்தால் கசிவு கண்ணில் படாது, ஆனால் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

காய்ந்த கறை மட்டும் இருந்தால் பதற வேண்டாம். சீலின் இரு முகங்களுக்கு இடையே மெல்லிய படலமாகக் கூலன்ட் இருப்பது இயல்பு. புது பம்ப்பில் சீல் படியும்வரை லேசாகக் கசிவதும் உண்டு. துளையைத் துடைத்துவிட்டு, இன்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில் ரிசர்வ் டேங்கின் மட்டத்தை ஒரு வாரம் பாருங்கள். மட்டம் இறங்கினாலோ, துளை மீண்டும் மீண்டும் ஈரமானாலோ பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும். கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் பொடிகளும் திரவங்களும் தேய்ந்த சீலைச் சரிசெய்யாது. ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைப்பதுதான் மிச்சம்.

தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும் நஞ்சு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் நாக்கில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறேன். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பம்ப்புக்குக் கெடுதலா?

கெடுதல்தான். பெரும்பாலான பம்ப்புகளைக் கொல்வது கிலோமீட்டர் கணக்கு அல்ல, உள்ளே ஓடும் திரவம். குழாய்த் தண்ணீரின் உப்பு சூட்டில் படிந்து சீலின் வழவழப்பான முகங்களைக் கீறும். துருத்தடுப்பு மருந்து இல்லாததால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துருத்தூள் கூலன்ட் பாதை முழுக்கச் சுற்றி, போகிற இடமெல்லாம் அராவும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இம்பெல்லர் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. சூடான தண்ணீர் அங்கே எளிதாக ஆவிக்குமிழாகிவிடும். அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் குமிழ் உடையும். அந்த அதிர்ச்சி இம்பெல்லரில் குழிகுழியாக உலோகத்தைப் பெயர்க்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காதபோதும் இதே கதைதான். கழற்றிய பழைய பம்ப்பின் இம்பெல்லரில் இப்படிக் குழிகள் தெரிந்தால், பம்ப்போடு மூடியையும் மாற்றுங்கள்.

பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் என்பது நல்ல கலவை. சாதாரண அழுத்தத்திலேயே இதன் கொதிநிலை சுமார் 107 டிகிரி செல்சியஸ். கலந்தே விற்கப்படும் கூலன்ட்டில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். நிறத்தை நம்பி வாங்கவும் வேண்டாம், நிறத்துக்குப் பொதுவான தரவிதி கிடையாது. வண்டியின் கையேடு சொல்லும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். ஒவ்வாத வகைகள் கலந்தால் துருத்தடுப்பு வீணாகும், சில சமயம் கூழாகத் திரளும். இப்போது மாறுவதென்றால், அழுக்கு நீங்கும்வரை அலசி வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றும்போது பம்ப்பையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அவசியமா?

பிஸ்டனும் வால்வும் ஒத்திசைந்து இயங்கவைக்கும் பெல்ட்தான் டைமிங் பெல்ட். பம்ப்பைச் சுழற்றுவதும் அதுவே என்றால் அவர் சொல்வது சரி. பம்ப் இறுகி நின்றால் பெல்ட் பல் சறுக்கும் அல்லது அறும். பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் கூடவே மாற்றிவிடுங்கள். வெளிப்பக்க பெல்ட்டில் ஓடும் பம்ப் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடலாம்.

கேள்வி: வெளிப்பக்க பெல்ட்டில் ஓடும் பம்ப்பை நானே மாற்றப் போகிறேன். எதில் கவனம் வேண்டும்?

முதலில் பம்ப்தான் குற்றவாளியா என்று உறுதிசெய்யுங்கள். நெரிசலில் மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியை மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ பேரிங் போய்விட்டது.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். பெல்ட் செல்லும் வழியைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லி தனியாகக் கழலும் வகையென்றால், பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே அதன் போல்ட்களைத் தளர்த்துவது சுலபம். பம்ப் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் பம்ப்பின் வடிவம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவையுங்கள்.

பம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அலுமினியத்தில் கத்தி பட்டுக் கீறினால் கசிவு அங்கேயே தொடங்கும். கேஸ்கெட்டுக்குப் பதில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருந்தால் கூலன்ட்டில் நனைத்துப் பொருத்துங்கள். கையேடு சொல்லாத இடத்தில் சீலன்ட் (கசிவடைக்கும் பசை) பூசாதீர்கள், பிதுங்கி உள்ளே போகும். போல்ட்களை எதிரெதிராக, படிப்படியாக, கையேட்டின் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் புது பேரிங்கும் நிலைக்காது.

கூலன்ட் ஊற்றாமல் "சும்மா சுற்றுகிறதா பார்ப்போம்" என்று இன்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். உலர்ந்த சீல் உராய்ந்து வீணாகிவிடும். மெதுவாக நிரப்பி, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, கேபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுழன்று நிற்கும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். அப்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். மறுநாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள்.