பல்லில் வெள்ளைக் கோடு: ஃபுளோரைடு பூச்சு என்ன செய்யும்?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது. பல் டாக்டர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம் என்கிறார். பூச்சி அரிக்கும் பல்லை ஒரு மேல்பூச்சு எப்படிக் காப்பாற்றும்? வீண் செலவா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வீண் செலவே இல்லை. போக வேண்டிய நேரத்தில்தான் போயிருக்கிறீர்கள்.

பல்லைப் பூச்சி அரிப்பதில்லை. பல்லில் படியும் பிசுபிசுப்பான படலத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஏற ஏற பிஎச் என்ற அளவு இறங்கும். அது 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலோடான எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் மெல்ல அமிலத்தைத் தணித்து, தன்னிடம் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லில் திரும்பப் படிய வைக்கும். இந்தப் போக்குவரத்து ஒவ்வொரு நாளும் நடக்கிறது. வரவைவிடப் போக்கு மிஞ்சினால்தான் சொத்தை.

உங்கள் மகளின் பல்லில் மேற்பரப்பு இன்னும் உடையவில்லை. அதற்கு அடியில் தாது குறைந்து நுண்துளைகள் விழுந்திருக்கின்றன. ஒளி அவற்றில் சிதறுவதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. சுத்தமான துணியால் பல்லை ஈரம் போகத் துடைத்துப் பாருங்கள், கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும். இந்தக் கட்டத்தில் இருப்பதைத் திருப்ப முடியும். குழி விழுந்துவிட்டால் எந்தப் பூச்சும் அதை நிரப்பாது, அடைக்கத்தான் வேண்டும்.

எனாமல் என்பது ஹைட்ராக்சி அபடைட் என்ற தாது. பாதி கரைந்த அதன் படிகங்களின் மேல் ஃபுளோரைடு ஒட்டிக்கொண்டு, உமிழ்நீரில் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தன்பக்கம் இழுக்கிறது. அப்படிப் புதிதாக உருவாகும் படலத்தில் ஃபுளோர் அபடைட் கலந்திருக்கும். அதைக் கரைக்க பிஎச் சுமார் 4.5 வரை இறங்க வேண்டும். அதனால் பழைய எனாமலைவிட இது அமிலத்தைத் தாங்கும்.

வார்னிஷ் போன்ற அடர்த்தியான மருந்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் ஃபுளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஃபுளோரைடு மணிகளாகப் பல்லில் படியும். வாயில் அமிலம் ஏறும்போது இந்த மணிகள் கரைந்து ஃபுளோரைடை வெளிவிடும். குதிரில் சேர்த்த நெல் மாதிரி, முடை வரும்போது கை கொடுக்கும். ஆனால் இருப்பு தீர்ந்துபோகும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பூசச் சொல்வது இதனால்தான்.

வார்னிஷில் இருப்பது 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு. பால்பற்கள் முழுவதற்கும் 0.25 மில்லி போதும். பல்லைத் துடைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, சிறு தூரிகையால் மெலிதாகத் தடவுவார்கள். எச்சில் பட்டதும் இறுகிக்கொள்ளும். அன்று முழுக்கச் சூடான பால், முறுக்கு, கடலை மிட்டாய் எதுவும் வேண்டாம். இரவு பல் தேய்க்காமல் மறுநாள் காலையில் தேய்க்கட்டும். சில வார்னிஷ் பல்லை மஞ்சளாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி, வீட்டுக்கு வந்ததும் தேய்த்தெடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால்தான் காசு வீண். பைன் பிசின் ஒவ்வாமை, ஈறில் புண், கடுமையான ஆஸ்துமா இருந்தால் பூசுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருந்த கோடு பளபளப்பாக, வழவழவென்று ஆனால் அரிப்பு நின்றுவிட்டது என்று பொருள். வெள்ளை நிறம் முழுவதும் போகாமல் இருக்கலாம், கவலை வேண்டாம். ஆனால் படுக்கும்போது சர்க்கரை போட்ட பால் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும், அமிலத்தைத் தணிக்க ஆளிருக்காது.

கேள்வி: தர்மபுரி பக்கம் ஃபுளோரைடால்தான் பல்லில் கறை படிகிறது என்கிறார்கள். அதையே பேஸ்ட்டில் போட்டு விற்பது எப்படிச் சரி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: விழுங்குவது வேறு, பல்லின் மேல் படுவது வேறு. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், சுமார் 8 வயது வரை, தண்ணீர் வழியாக அதிக ஃபுளோரைடு உடம்புக்குள் போனால்தான் அந்தக் கறை வரும். முளைத்துவிட்ட பல்லுக்கு வெளியிலிருந்து படும் ஃபுளோரைடு நல்லதே செய்கிறது.

அளவைப் பாருங்கள். 1000 பிபிஎம் பேஸ்ட் 1 கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கும். 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. பட்டாணி அளவு என்பது ஏறக்குறைய கால் கிராம். விளம்பரத்தில் வருவது போல் பிரஷ் முழுக்கப் பிதுக்கக் கூடாது. 100 கிராம் டியூபில் 100 மில்லிகிராம் இருக்கிறது. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் உள்ளே போனால் அவசரம்தான். டியூபைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறைய விழுங்கிவிட்டால் பால் குடிக்கக் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாலின் கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும்.

போர் தண்ணீர் குடிக்கிறவர்கள், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை.

கேள்வி: இரண்டு வேளையும் பேஸ்ட் போட்டுத்தான் தேய்க்கிறேன். அப்படியும் சொத்தை வருகிறதே?
– வாசகர், திருவாரூர்

பதில்: முதலில் டியூபைத் திருப்பிப் படியுங்கள். பிபிஎம் அளவு அச்சாகியிருக்க வேண்டும். நம் நாட்டில் 1000-க்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். மூலிகைப் பேஸ்ட், பல்பொடி பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. சுண்ணாம்புத் தூள் கலந்த பேஸ்ட் என்றால் சோடியம் மோனோ ஃபுளோரோ பாஸ்பேட் என்று எழுதியிருக்கும். சாதாரண சோடியம் ஃபுளோரைடை அதில் கலந்தால், டியூபுக்குள்ளேயே கால்சியம் அதைப் பிடித்து முடக்கிவிடும்.

பேஸ்ட் சரியாக இருந்தால், தேய்த்த பின் செய்வதைக் கவனியுங்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் மருந்தெல்லாம் வாஷ்பேசினில்தான் போகும். நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். அடுத்தது காபி. சர்க்கரை போட்ட டிகிரி காபியை ஒரே மூச்சில் குடித்து முடிப்பதற்கும், வேலைக்கு நடுவே நாளெல்லாம் வாய் வாயாக உறிஞ்சுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு வாய்க்கும் அமிலம் புதிதாக ஏறும், உமிழ்நீருக்கு ஓய்வே இருக்காது.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. ஈறு இறங்கி வேர்ப்பக்கம் பழுப்பாக அரித்திருக்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுவதால் வாய் உலர்கிறது. வெற்றிலை போடுவார். "பல் கறுத்துப்போகும், ஆனால் சொத்தை நிற்கும்" என்று ஒரு மருந்தைச் சொல்கிறார்கள். தடவலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: தடவலாம். 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடைச் சொல்கிறார்கள். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், ஃபுளோரைடு தாதுவை இறுக்கும். வேருக்கு எனாமல் போர்வை கிடையாது. பிஎச் 6-ஐத் தாண்டியிருக்கும்போதே வேர் கரையத் தொடங்கிவிடும். அதனால்தான் வாய் உலர்ந்தவர்களுக்கு வேர்ச் சொத்தை வேகமாகப் பரவுகிறது.

பல்லை நன்றாக உலர்த்தி, உதட்டிலும் ஈறிலும் வாசலின் பூசி, ஒரு சொட்டு தொட்டுச் சுமார் ஒரு நிமிடம் வைப்பார்கள். ஊசி, டிரில் எதுவும் தேவையில்லை. அரித்த இடம் மட்டும் நிரந்தரமாகக் கறுக்கும், நல்ல பல் கறுக்காது. தோலில் பட்ட கறை ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். 6 மாதம் கழித்து மறுபடி தடவ வேண்டும். வெள்ளி ஒவ்வாமை இருந்தாலோ, பல்லில் தானாக வலி வந்தாலோ, சீழ் இருந்தாலோ இது சரிப்படாது.

வெற்றிலைச் சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறதே என்று சிலர் தேற்றிக்கொள்வார்கள். சொத்தைக்கு அதை நம்ப முடியாது. கூடப் போடும் பாக்கு, சீவல் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள். கும்பகோணம் வெற்றிலை விட முடியாத பழக்கமாக இருந்தாலும் பாக்கையும் புகையிலையையும் விடச் சொல்லுங்கள். மருந்து தடவப் போகும் அன்றே கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்றும் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.