கோடிகள் கொடுத்து வாங்கிய பிட்சர் தடுமாறினால்: பேரி ஜீட்டோவை முன்வைத்துக் கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பாலில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி 2006 டிசம்பரில் இடக்கைப் பிட்சர் (பந்து வீசுபவர்) பேரி ஜீட்டோவுடன் 7 ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அதுவரை எந்தப் பிட்சருக்கும் அவ்வளவு பெரிய தொகை கிடைத்ததில்லை. அந்த ஏழு ஆண்டுகளில் அவர் பெயரில் 63 வெற்றி, 80 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழுந்த ரன்களின் சராசரி, அதாவது இ.ஆர்.ஏ. (குறைந்தால் நல்லது), 4.62. இதே போன்ற ஒருவரைத் தங்கள் அணியும் சுமப்பதாகக் குமுறும் ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பெரும்பாலும் ஜீட்டோவை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். அவரைப்போல முழுக் கதையும் நம் கண்முன் நடந்து முடிந்தவர்கள் குறைவு.

கேள்வி: அண்ணா, அப்படி என்ன கண்டு அவருக்கு அவ்வளவு பணம் கொடுத்தார்கள்?

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் எதிர்க்கரையில் இருந்த ஓக்லண்ட் அணிக்காக அவர் செய்ததைப் பார்த்துத்தான் தம்பி. 2002-இல் 23 வெற்றி, 5 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.75. பெரிய லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே கிடைத்தது. டிம் ஹட்சன், மார்க் மல்டர், ஜீட்டோ என்ற மூவரை அன்று எல்லா அணிகளும் பொறாமையோடு பார்த்தன. ஓக்லண்டில் மொத்தம் 102 வெற்றி, 63 தோல்வி. காயம் என்று ஒதுங்காமல் ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்து வீசுவார் என்ற பெயரும் இருந்தது.

ஆனால் எச்சரிக்கை மணியும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. 2006-இல் அவர் குறி தவறிய பந்துகளை வீசி, 99 பேருக்கு அடிக்காமலே இலவசமாக முதல் பேஸ் கொடுத்தார். ஜயண்ட்ஸ் நிர்வாகம் அந்த எண்ணைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தும் கையெழுத்திட்டது. என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: இவ்வளவு மோசமாக வீசுபவரை ஏன் நீக்கவில்லை? கீழ்நிலையான மைனர் லீகுக்காவது அனுப்பியிருக்கலாமே?

நீக்கலாம். ஆனால் பணத்தை முழுதாகக் கொடுத்தாக வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் இத்தகைய ஒப்பந்தங்கள் உத்தரவாதமானவை. அணி ஒருவரை விடுவித்தால், வேறு அணி அவரை லீகின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு எடுத்துக்கொள்ளும்; மீதிப் பணம் பழைய அணியின் தலையில் விழும். ஐந்து ஆண்டுக்கு மேல் பெரிய லீகில் ஆடியவரை, அவர் சம்மதமின்றி மைனர் லீகுக்கு அனுப்பவும் முடியாது.

இந்த உரிமைகளை யாரும் தானமாகத் தரவில்லை. 1975 வரை ஒரு வீரர், அணி விடும்வரை அந்த அணியின் உடைமை போலத்தான் இருந்தார். ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரு பிட்சர்களின் வழக்கில் அந்த ஆண்டு டிசம்பரில் தகராறு தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் வழங்கிய தீர்ப்புதான் பூட்டை உடைத்தது. அதன் பிறகும், பெரிய லீகில் ஆறு ஆண்டு சேவை முடிந்தால்தான் ஒருவர் சந்தைக்கு வர முடியும். ஆக, 22 வயதில் உச்சத்தில் வீசியவருக்கு 28 வயதில்தான் பெரும்பணம் வருகிறது. ஜீட்டோ கையெழுத்திட்டபோது அவருக்கு 28. ஓக்லண்டின் ஜீட்டோவுக்குச் சேரவேண்டிய கூலியை சான் ஃபிரான்சிஸ்கோ ரசிகர்கள் கட்டினார்கள் என்பதே என் கணிப்பு. எரிச்சல் வருவது நியாயம். ஆனால் அந்த அமைப்பைக் கட்டியவர் ஜீட்டோ அல்ல.

கேள்வி: திறமை எங்கே போயிற்று? பணம் வந்ததும் உழைப்பைக் குறைத்துவிட்டார் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.

நண்பர்களிடம் நான் மறுப்பதாகச் சொல்லுங்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. பணத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில், 2007 பிப்ரவரிப் பயிற்சி முகாமுக்கே அவர் புதிதாக மாற்றிய வீச்சு அசைவோடு வந்து நின்றார். பயிற்சியாளர்கள் திகைத்தார்கள். பிறகு அதைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார். வாங்கிய பணத்துக்குத் தன்னையே வேறொரு பிட்சராக மாற்றிக்கொள்ள முயன்றவர் அவர்.

அடுத்தது வேகம். ஜீட்டோ ஒருபோதும் அதிவேகப் பிட்சர் அல்ல. தலைக்கு மேலே எழும்பி மட்டையாளரின் முழங்காலருகே விழும் கர்வ்பால்தான் அவர் ஆயுதம். அந்தப் பந்து ஏமாற்ற வேண்டுமானால், வேகப்பந்தான ஃபாஸ்ட்பாலுக்கும் கொஞ்சம் மரியாதை இருக்க வேண்டும். அது மணிக்கு 84, 85 மைலுக்கு இறங்கியதும் மட்டையாளர்கள் அவசரப்படுவதை நிறுத்தினார்கள். ஓரத்தில் வந்த பந்துகளை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஓரம் தவறியபோது இலவச பேஸ். நடுவே வந்தபோது அடி.

இடத்தையும் மறக்கக் கூடாது. ஓக்லண்ட் கொலிசியத்தில் ஆட்டப் பரப்பின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே இருந்த பரப்பு மிகப் பெரியது. மற்ற மைதானங்களில் பார்வையாளர் வரிசைக்குள் விழும் உயரப் பந்துகள் அங்கே கேட்ச் ஆகும். உயரப் பந்து வரவழைக்கும் பிட்சருக்கு அது பெரிய கொடை.

கேள்வி: வென்றால் பணம், தோற்றால் வெட்டு என்று ஒப்பந்தம் எழுதினால் என்ன?

எழுத விதி இடம் தராது. வெற்றி எண்ணிக்கை, இ.ஆர்.ஏ., ஹோம் ரன் போன்றவற்றுக்கு ஊக்கத்தொகை வைப்பது தடை. எத்தனை இன்னிங்ஸ் வீசினார், எத்தனை ஆட்டங்களைத் தொடங்கினார், என்ன விருது பெற்றார் என்பவற்றுக்கு வைக்கலாம். தடை சரியென்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் பணத்தை மிச்சப்படுத்த, நல்ல நிலையில் இருக்கும் பிட்சரைக்கூட உட்காரவைக்கும் முதலாளிகள் வருவார்கள்.

கேள்வி: என் மகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் பிட்சர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் கொடுத்ததும் சுற்றியிருந்த எல்லோரும் ஏளனக் கூச்சல் போட்டார்கள். "நாமும் கத்தலாமா அம்மா?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சகோதரி, டிக்கெட் வாங்கியவருக்குத் தன் அதிருப்தியைக் காட்டும் உரிமை உண்டு. அதை நான் பறிக்கமாட்டேன். ஆனால் எதை எதிர்த்துக் கத்துகிறோம் என்பதை மகளுக்குப் பிரித்துச் சொல்லுங்கள். ஓடவேண்டிய பந்துக்கு ஓடாதவரை, முதல் பேஸை மூட மறந்து நிற்பவரைப் பார்த்துக் கத்தட்டும். முயன்றும் பந்து பணியாதவரை ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் குடும்பத்தை இழுப்பதும், சமூக ஊடகத்தில் தேடிப்பிடித்து வசைபாடுவதும் அயோக்கியத்தனம். அதற்கு எந்த ஊதியமும் சாக்காகாது.

2008 ஏப்ரலில் ஜீட்டோ 0-6 (வெற்றியே இல்லை, 6 தோல்வி), இ.ஆர்.ஏ. 7.53. தொடக்க வரிசையிலிருந்து இறக்கி, மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். அந்த அவமானத்தை ஏற்றுக்கொண்டு அவர் வாயைத் திறக்கவில்லை. சில நாளில் திரும்ப வந்து மேலும் தோற்று, 0-8 ஆன பிறகே முதல் வெற்றி கிடைத்தது. அந்த ஆண்டு முடிவில் 10-17, மற்றப் பிரிவான நேஷனல் லீகிலேயே அதிகத் தோல்வி. ஆனாலும் 32 ஆட்டங்களைத் தொடங்கினார்.

கேள்வி: அவ்வளவு நல்லவர் என்கிறீர்கள். 2010-இல் தன் அணியே தோற்க வேண்டும் என்று விரும்பியதாக அவரே ஒப்புக்கொண்டாரே ஐயா?

ஆம், ஓய்வுக்குப் பிறகு எழுதிய வாழ்க்கைக் கதையில் ஒப்புக்கொண்டார். மறைக்க ஒன்றுமில்லை. 2010-இல் பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றுகளான பிளேஆஃப் பட்டியலிலிருந்து அவரை முழுவதுமாக நீக்கினார்கள். லின்சிகம், கெய்ன், சான்செஸ், அப்போது 21 வயதே ஆன பம்கார்னர் என்ற நான்கு பிட்சர்களை வைத்து, இரு லீக் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரை சான் ஃபிரான்சிஸ்கோ முதன்முறையாக வென்றது. அணியில் மிக அதிக ஊதியம் வாங்கியவர்களில் ஒருவர் வேடிக்கை பார்த்தார். தன்னை விட்டுவிட்டு அணி வென்றால் தான் தேவையில்லை என்று ஊரறிய முடிவாகிவிடும் என்ற எண்ணம் அவரை அரித்திருக்கிறது.

படித்தபோது எனக்குக் கசந்தது. அணி வீரர் அப்படி நினைக்கக் கூடாது. ஆனால் அவரை நீக்கிய முடிவு மிகச் சரி. பருவம் முடிய ஒரு நாள் இருக்கும்போது சான் டியாகோவுக்கு எதிராக அவர் தொடங்கிய ஆட்டத்தை அணி தோற்றிருந்தது. மேலாளர் புரூஸ் போச்சி ஊதியத்தைப் பார்க்காமல் பந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கொடுத்த பணத்துக்காக ஒருவரைத் தொடர்ந்து இறக்கும் மேலாளரைக் கண்டால்தான் ரசிகர்கள் கொதிக்க வேண்டும்.

கேள்வி: 2012-ஐப் பற்றிச் சொல்லுங்கள். அப்போது நான் அமெரிக்காவில் இல்லை.

நேஷனல் லீக் இறுதித் தொடர். செயின்ட் லூயிஸ் 3-1 என முன்னிலை. இன்னொரு ஆட்டம் தோற்றால் ஜயண்ட்ஸ் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்டோபர் 19, எதிரணியின் மைதானம், பந்து ஜீட்டோவின் கையில். முந்தைய சுற்றில் அவர் மூன்று இன்னிங்ஸ்கூட நிலைக்கவில்லை என்பதால் நம்பியவர்கள் சிலர்தான். ஏழே முக்கால் இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவாக வீசினார். ஒரு ரன்னும் தரவில்லை. பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடி, ஒரு ரன்னும் சேர்த்தார். 5-0. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் ஜயண்ட்ஸ் வென்றது. உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், அன்றைய தலைசிறந்த பிட்சரான டெட்ராய்ட்டின் ஜஸ்டின் வெர்லாண்டரை எதிர்த்து வீசி அதையும் வென்றார். டெட்ராய்ட் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது.

அப்படியானால் 12.6 கோடி நியாயமா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு இரவுகள் ஏழு ஆண்டுக் கணக்கை நேராக்காது. ஆனால் அந்த இரண்டு இரவுகள் இல்லாமல் 2012 கோப்பையும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2013-இல் மீண்டும் 5-11, இ.ஆர்.ஏ. 5.74. ஆனாலும் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவர் களமிறங்கியபோது, ஏசிய அதே ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கேள்வி: 2012-இல் இ.ஆர்.ஏ. 4.15 தானே? பிறகு எப்படி 15-8?

அவர் வீசிய நாள்களில் அணி நன்றாக அடித்தது. வெற்றி தோல்வி எண்ணை வைத்துப் பிட்சரை எடைபோடாதீர்கள்.

கேள்வி: வேறு எதைப் பார்ப்பது?

எதிர்கொண்டவர்களில் எத்தனை சதவீதம் பேரை ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமல் அவுட்) ஆக்கினார், எத்தனை சதவீதம் பேருக்கு இலவச பேஸ் தந்தார் என்று பாருங்கள். இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால் கவலைப்படலாம். பிறகு ஃபாஸ்ட்பாலின் வேகம். இ.ஆர்.ஏ. ஒரு மாதம் பொய் சொல்லும். வேகம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

கேள்வி: வாஷிங்டன் நேஷனல்ஸ் ரசிகன் நான். பேட்ரிக் கார்பினைப் பார்த்து வெந்தவன். எனக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

அந்தப் பிட்சருக்கு 6 ஆண்டு, 14 கோடி டாலர். 2021, 2022, 2023 என மூன்று ஆண்டுகளில் முறையே 16, 19, 15 தோல்விகள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் முதலாண்டில், 2019 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், மூன்று இன்னிங்ஸ் ரன் தராமல் வீசி வென்ற பிட்சரும் அவரே. பிற்காலத்திலும் ஆண்டுக்கு முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கினார். 162 ஆட்டங்களில் ஓர் அணி ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ் வீசியாக வேண்டும். கார்பின் தோற்ற இன்னிங்ஸ்களை அவர் வீசாவிட்டால், தயாராகாத இளைஞர்கள் தோளைக் கொடுத்து வீசியிருப்பார்கள். அதே அணி ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 7 ஆண்டுக்கு 24.5 கோடி எழுதியது. உடல் ஒத்துழைக்காமல், அந்த ஒப்பந்தத்தில் எட்டே ஆட்டங்களோடு அவர் ஓய்வு பெற்றார். அவரை எவரும் ஏசவில்லை. காயம்பட்டவருக்கு இரங்கும் நாம், வலியோ சோர்வோ வெளியே சொல்லாமல் வந்து தோற்பவரை மட்டும் திருடனாக்குவது ஏன்?

கேள்வி: இத்தனை பார்த்த பிறகும் அணிகள் இப்படிக் கையெழுத்திடுவது நிற்குமா?

நிற்காது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 2023 டிசம்பரில் பிட்சர் யோஷினோபு யமமோட்டோவுக்கு 12 ஆண்டுக்கு 32.5 கோடி கொடுத்தது. 2025 உலகத் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். நியூயார்க் யாங்கீஸ் அணி பிட்சர் கெரிட் கோலுக்கு 9 ஆண்டுக்கு 32.4 கோடி கொடுத்தது. 2023-இல் சை யங் விருது வென்றவர், முழங்கை அறுவை சிகிச்சையால் 2025-இல் ஒரு பந்துகூட வீசவில்லை. ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தன. ஒரு முழங்கை எப்போது விட்டுப்போகும் என்று எந்த மருத்துவரும் ஒப்பந்தத்தில் எழுதித் தர முடியாது. முதல் வகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் எல்லா முதலாளிகளும் பேனாவை எடுக்கிறார்கள். அந்தக் கணக்கு பொய்த்தால், முதல் கேள்வியைக் கையெழுத்திட்டவரிடம் கேளுங்கள். ஐந்தாம் நாள் பந்தோடு மேட்டில் ஏறுபவரிடம் அல்ல.