கிராமத்து மருத்துவமனையிலிருந்து எக்ஸ்ரே, சிடி படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சரியா? பாதுகாப்பான வேறு வழி உண்டா?

மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாக நுண்கதிர் நுட்புநராக வேலை பார்க்கிறேன். டிஜிட்டல் எக்ஸ்ரேயும் ஒரு சிடி இயந்திரமும் எங்களிடம் உண்டு. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் தரும் ரேடியாலஜிஸ்ட் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்.

வாட்ஸ்அப்பை எடுத்த எடுப்பிலேயே குற்றம் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களே இத்தகைய செயலிகளை அனுமதிக்கின்றன. செய்தியும் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது. சிக்கல் இருப்பது இரு முனைகளிலும். அனுப்பியவரின் கேலரியில் ஒரு பிரதி, பெற்றவரின் கேலரியில் ஒரு பிரதி, குழுவில் போட்டிருந்தால் அதிலுள்ள அத்தனை பேரிடமும் ஒவ்வொரு பிரதி என்று நோயாளியின் படம் தங்கிவிடுகிறது. பிறகு அதை யார் திறந்து பார்த்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இராது.

படமும் கெட்டுப்போகிறது. சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் சாம்பல் நிறத்தில் வழக்கமாக 4096 படிகள் உண்டு. கைபேசியில் எடுக்கும் ஜேபெக் படத்தில் 256 மட்டுமே. நுரையீரலுக்கு ஒரு விண்டோ (அந்தப் படிகளில் எந்தப் பகுதியைத் திரையில் காட்டுவது என்னும் அமைப்பு), எலும்புக்கு ஒரு விண்டோ என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு அந்த 256 போதாது. ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே ஃபிலிமை வியூ பாக்ஸில் மாட்டிக் கைபேசியில் எடுத்து அனுப்பினோம். மேலே எரிந்த ட்யூப் லைட் வலது நுரையீரலின் உச்சியில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்கு அடியில்தான் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்த அடையாளம் இருந்தது. மறுநாள் மூல ஃபைலைத் திறந்ததும் ரேடியாலஜிஸ்ட் பதறிப்போய் அழைத்தார்.

ரகசியம் காக்கிறோம் என்று நாங்கள் செய்த ஒரு காரியமும் தவறாகவே முடிந்தது. பெயர் தெரியக்கூடாதென்று படத்தின் ஓரத்தை வெட்டி அனுப்பினோம். பெயரோடு வலம், இடம் காட்டும் குறியும் போயிற்று. அன்று ஒரே நேரத்தில் இரண்டு பேரின் கணுக்கால் படங்கள் போயிருந்ததால் ரிப்போர்ட்டுகள் மாறி வந்தன. இடது காலில் வீக்கம் உள்ளவருக்கு வலது காலில் முறிவு என்று எழுதியிருப்பதை வார்டு நர்ஸ் அக்கா கவனித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே பெயரை வெறுமனே அழிப்பதைவிட, அதற்குப் பதிலாக வேறொன்றை வைப்பதே முறை. மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாம் ஃபைல் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் பெயர், பிறந்த தேதி, நோயாளி எண் ஆகியவை இருக்கும். அனுப்பும்போது அவற்றை நீக்கி மருத்துவமனையே தரும் ஓர் எண்ணை அங்கே வைக்க வேண்டும். எந்த எண் யாருடையது என்னும் பட்டியல் நம்மிடமே இருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் மட்டும் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் பெயர் பெரும்பாலும் படத்தின் மீதே பதிந்திருக்கும். தலைப்பகுதியைத் துடைத்தாலும் அது போகாது.

நாங்கள் டைகாம் படங்களைச் சேமித்து அனுப்பும் ஆர்த்தாங்க் என்னும் இலவச மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் நிறுவி, விபிஎன் என்னும் மறையாக்கம் செய்த தனி இணைப்பு வழியாக மட்டும் அனுப்புகிறோம். சுலபமாக இருக்கிறதென்று ரௌட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. 2019இல் கிரீன்போன் நெட்வொர்க்ஸ் என்னும் ஜெர்மன் நிறுவனம் இணையத்தில் தென்பட்ட சுமார் 2300 மருத்துவப் படச் சேமிப்பகங்களைச் சோதித்தபோது, அவற்றில் 590 எவரும் நுழையும்படி திறந்து கிடந்தன. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுப்பதும் கட்டாயம். ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பயன்படுத்தினால் யார் பார்த்தார் என்ற பதிவுக்குப் பொருளில்லை.

இணைய வேகம் எங்களுக்கு இன்றும் தலைவலிதான். ஒரு சிடி வெட்டுப் படம் சுமார் அரை எம்பி. மெல்லிய வெட்டுகள் 300 என்றால் 150 எம்பி. தலையில் அடிபட்டு வருபவருக்குத் தடித்த வெட்டுகள் முப்பதை முதலில் அனுப்பிவிட்டு, மற்றவற்றைப் பின்னால் விடுகிறோம். தரம் குறையாத சுருக்கமே பயன்படுத்துகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட, சிடி கன்சோலிலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் படம் போய்விடும்படி செய்ததுதான் பலன் தந்தது. இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் படமெடுப்பதைவிட அது எளிது என்று தெரிந்த பிறகே ஊழியர்கள் மாறினார்கள். இப்போதும் வாட்ஸ்அப் உண்டு, அதில் போவது "417 வந்துவிட்டதா சார்?" என்ற ஒரு வரி மட்டும்.